எலும்பு கட்டியவர்கள்

சென்னையின் நீண்ட சாலைகளில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து செல்பவர்களுக்கு 'புத்தூர் கட்டு' என்ற பெயர்ப்பலகை புதிதல்ல. புத்தூர், சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஒரு சிற்றூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் அவ்வூர் பெற்ற புகழ் மிகப் பெரியது. அதனால் அவ்வூரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்கூட அந்தப் பெயரைத் தங்கள் பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். இலைச்சாறு, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் சிம்பு. கத்தி இல்லை, ஊசி இல்லை, பல நாள் படுக்கை இல்லை. கால் ஒடிந்தவனை இதைவிட ஈர்க்கும் விளம்பரம் வேறில்லை.

அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியம்மா மகனின் இடது கை நினைவுக்கு வரும். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் வேறொரு நாட்டின் எலும்பு வைத்தியர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நவீன எலும்பு மருத்துவம் மருத்துவக் கல்லூரிகளில் மட்டும் பிறந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அதன் வம்சாவளியைத் தேடிப் போனால், ஒரு கிளை நேராக நாட்டு வைத்தியரின் திண்ணைக்குப் போய்ச் சேருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலும்பு கட்டுவது ஒரு குடும்பத் தொழில். அப்பனிடமிருந்து மகனுக்கு, சில சமயம் மகளுக்கு. அப்படி ஒரு மகள்தான் சாரா மாப். வில்ட்ஷயரில் எலும்பு கட்டி வந்த ஒருவரின் மகள். எப்சம் என்ற ஊரில் 1736-இல் அவள் அடைந்த புகழுக்கு ஈடு சொல்ல முடியாது. அவளைத் தங்கள் ஊரிலேயே தக்கவைத்துக்கொள்ள எப்சம்காரர்கள் ஆண்டுக்கு 100 பவுன் தருவதாகச் சொன்னார்கள். நோயாளிகள் வந்து தங்குவதால் ஊர் பிழைத்தது. நான்கு குதிரை பூட்டிய வண்டியில் லண்டனுக்கு வந்து ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து நோயாளிகளைப் பார்த்தாள். பெருத்த உடல், உரத்த குரல், குடிப்பழக்கம், அபாரமான கைவலிமை. அதே ஆண்டு ஹோகார்த் மருத்துவர்களைக் கேலி செய்து தீட்டிய படத்தில், மேல்வரிசையின் நடுவில் அவளை உட்கார வைத்தார். மறு ஆண்டு டிசம்பரில் அவள் லண்டனில் வறுமையில் இறந்துபோனாள். புகழ் ஓராண்டுதான்.

அவளை எழுத்தில் கடுமையாகத் திட்டியவர்களில் ஒருவர் பெர்சிவல் பாட். செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் பெரிய அறுவை மருத்துவர். எலும்பு முறிவு பற்றி அவர் எழுதிய நூலில் அவளுக்கு மரியாதையான ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பாட்டின் சொந்தக் காலின் கதை சாரா மாப்பின் கதையைவிடச் சுவையானது.

1756-ஆம் ஆண்டு, குளிர்காலத்தில், லண்டனின் ஓல்டு கெண்ட் சாலையில் பாட் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சுற்றியிருந்தவர்கள் அவரைத் தூக்கி வண்டியில் போட முனைந்தார்கள். அவர் ஒப்பவில்லை. உறைந்த தரையில் படுத்தபடியே, பல்லக்குத் தூக்குகிறவர்கள் இருவரைத் தண்டுகளோடு அழைத்துவர ஆளனுப்பினார். அவர்கள் வருவதற்குள் ஒரு கதவை விலைக்கு வாங்கினார். தண்டுகளைக் கதவில் ஆணியடித்துப் பூட்டி, அதன்மேல் தன்னைக் கிடத்தச் செய்து, லண்டன் பாலத்தைக் கடந்து வீடுவரை தூக்கி வரச் செய்தார். முறிந்த எலும்பு வழியில் ஆடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று சாலை விபத்தில் அடிபட்டவரைக் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவுக்குள் மடக்கித் திணிக்கும் நல்ல மனசுக்காரர்களைப் பார்க்கும்போது, பாட் வாங்கிய அந்தக் கதவை நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் கூடிய அறுவை மருத்துவர்கள் காலை எடுத்துவிட வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். பாட்டும் சம்மதித்தார். அக்காலத்தில் தோலைக் கிழித்த எலும்பு முறிவு என்றால் சீழ் பிடித்துச் சாவு. எடுத்துவிட்டால் பிழைக்க ஒரு வாய்ப்பு. கருவிகள் தயாராயின. கடைசி வேளையில் அவருடைய ஆசிரியர் எட்வர்ட் நோர்ஸ் வந்து சேர்ந்தார். காலைப் பார்த்துவிட்டு, காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் தப்பியது. படுத்திருந்த மாதங்களில் பாட் எழுதத் தொடங்கினார். அவருடைய நூல்களின் வரிசை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கணுக்கால் முறிவு ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர் வழங்குவதால், அவருக்கு ஏற்பட்டதும் அதுவே என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியல்ல.

பாட்டுக்கு வாய்த்த நோர்ஸ் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1865 ஆகஸ்டு 12-ஆம் தேதி, கிளாஸ்கோ மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் வண்டிச் சக்கரம் ஏறிய காலோடு கொண்டுவரப்பட்டான். அதே வகைக் காயம். ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் புண்ணை மூடினார். ஆறு வாரத்தில் சீழ் இல்லாமல் எலும்பு கூடிச் சிறுவன் நடந்து வீட்டுக்குப் போனான். தோல் கிழிந்த முறிவு அன்றிலிருந்து மரணத் தீர்ப்பாக இல்லாமல் போகத் தொடங்கியது. ஆனாலும் அந்தப் புண்ணை மணிக்கணக்கில் அப்படியே விடக்கூடாது என்ற விதி மாறவில்லை. எலும்புக்கு மேல் சிறு கீறல் தெரிந்தாலும், அது உள்ளிருந்து எலும்பு முனை குத்தி வந்த துளையாக இருக்கலாம். அதன்மேல் பச்சிலை வைத்துக் கட்டுவது விஷப்பரீட்சை.

இனி வேல்ஸ் நாட்டின் ஓரத்திலிருக்கும் ஆங்கிள்சி தீவுக்கு வருவோம். 1740-களில் அத்தீவின் கரையில் ஒரு கப்பல் உடைந்ததாகவும், பெயரும் மொழியும் தெரியாத ஒரு சிறுவன் கரையேறியதாகவும், இவான் தாமஸ் என்று அவனுக்குப் பெயரிட்டு வளர்த்ததாகவும் ஒரு மரபுக்கதை வழங்குகிறது. பையன் முதலில் பறவைகள், விலங்குகளின் ஒடிந்த கால்களைக் கட்டினானாம், பிறகு மனிதர்களுடையதை. எலும்பு வைத்தியர் குலங்களுக்கு இப்படி ஒரு தோற்றக் கதை எங்கும் தேவைப்படுகிறது போலும். எங்கள் பக்கத்தில், கால் முன்னே வந்து பிறந்தவன் ஓர் உதை விட்டால் இடுப்புப் பிடிப்பு போய்விடும் என்பார்கள். கைத்திறன் பயிற்சியால் வந்தது என்று சொன்னால் ஊர் நம்பாது. பிறப்பிலேயே வந்தது என்றால் நம்பும்.

அந்தக் குலத்தில், அதே இவான் தாமஸ் என்ற பெயரோடு வந்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூல் துறைமுக நகருக்குப் பிழைக்க வந்தார். மூட்டை தூக்குவோரும் கப்பல் கட்டுவோரும் நிறைந்த நகரம். எலும்பு முறிவுக்குப் பஞ்சமே இல்லை. பட்டம் பெற்ற மருத்துவர்கள் அவரை நீதிமன்றத்துக்குப் பலமுறை இழுத்தார்கள். கசந்துபோன அவர் ஒரு முடிவெடுத்தார். தன் ஐந்து மகன்களையும் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். ஐவரும் பட்டம் பெற்றார்கள். எதிரியின் கோட்டைக்குள் தன் பிள்ளைகளைக் குடியேற்றிவிட்ட இந்தக் காரியத்தைப் பழிவாங்கல் என்பதா, சரணாகதி என்பதா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891). எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துவிட்டுத் தந்தையோடு கொஞ்ச காலம் தொழில் செய்தார், ஒத்துவரவில்லை, பிரிந்தார். லிவர்பூல் நெல்சன் தெரு 11-ஆம் எண் வீட்டில் வாழ்நாள் முழுதும் வைத்தியம் பார்த்தார். எந்தப் பெரிய மருத்துவமனையிலும் பதவி இல்லை. கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு, காயம்பட்ட ஒரு கண்ணை மறைக்கும்படி சாய்த்துவிட்ட தொப்பி, வாயில் எப்போதும் ஒரு சிகரெட். வீட்டோடு ஒரு கொல்லரும் தோல் வேலைக்காரரும் இருந்தார்கள். நோயாளியின் அளவுக்கு அங்கேயே இரும்புச் சட்டம் அடிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவசம். அவர் இறந்தபோது லிவர்பூலின் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தார்கள்.

அவருடைய கொள்கை ஒரே சொல்: ஓய்வு. கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு. இதில் ஒரு முரண் இருக்கிறது. நாட்டு எலும்பு வைத்தியர்களின் பெருமையெல்லாம் மூட்டைத் திருகி 'டக்'கென்று ஓசை வரச் செய்வதில்தான் இருந்தது. அவர்கள் குலத்தில் பிறந்த ஹியூ தாமஸ் அதைக் கைவிட்டார். காரணம் உண்டு. அக்காலத்தில் குழந்தைகளின் இடுப்பையும் முழங்காலையும் காசநோய் தின்றுகொண்டிருந்தது. அப்படி வெந்துகிடக்கும் மூட்டைத் திருகினால் நோய் பொங்கியெழும். சுளுக்குப் பிடித்து இறுகிய மூட்டையும், உள்ளே அழுகும் மூட்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்குத் திருகல் மருந்து, மற்றொன்றுக்கு நஞ்சு. 1867-இல் ஜேம்ஸ் பேஜட் லண்டனில் ஆற்றிய ஓர் உரை இதைப் பற்றியதுதான். எலும்பு வைத்தியர்கள் குணப்படுத்தும் நோயாளிகள் யார் என்று கேட்ட அந்த உரையில், அவர்களிடம் நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை விலக்குங்கள் என்று தம் மாணவர்களுக்குச் சொன்னார். நாலாண்டுகள் கழித்து வார்ட்டன் ஹூட் என்ற மருத்துவர், ரிச்சர்டு ஹட்டன் என்ற எலும்பு வைத்தியரிடம் கண்ணால் பார்த்துக் கற்றதை வெளிப்படையாக எழுதினார். மேட்டிமையைக் கொஞ்சம் கழற்றி வைத்தவர்கள் அங்கே சிலராவது இருந்தார்கள்.

ஹியூ தாமஸ் முழங்கால் காசநோய்க்கென்று செய்த சட்டம்தான் பின்னாளில் அவர் பெயரை உலகுக்குக் கொண்டுசென்றது. அமைப்பு மிக எளியது. தொடையின் மேற்புறத்தில், கவட்டுக்கு அருகே பொருந்தும் தோல் சுற்றிய வளையம். அதிலிருந்து காலின் இருபுறமும் பாதத்தைத் தாண்டிப் போகும் இரு இரும்புக் கம்பிகள். பாதத்தைக் கம்பிகளின் முனையோடு இழுத்துக் கட்டிவிட்டால், வளையம் மேலே முட்டுக்கொடுக்க, கால் இழுபட்ட நிலையில் அசையாமல் நிற்கும். தொடை எலும்பு முறிந்தால் வலிய தசைகள் சுருங்கி முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிவிடும். தொடை பருத்து, உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் தேங்கும். வெளியே ஒரு துளி தெரியாது. இழுத்துப் பிடித்தால் அந்த இடம் குறுகும், கசிவு குறையும், வலி அடங்கும்.

அவர் வாழ்ந்தவரை இங்கிலாந்து அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வைத்தவர் அவர் மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ். 16 வயதில் நெல்சன் தெரு வீட்டுக்கு வந்து வளர்ந்தவர். மான்செஸ்டர் கப்பல் கால்வாய் தோண்டப்பட்ட ஆண்டுகளில் அதன் 36 மைல் நீளத்துக்கும் விபத்துச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தினார். வழிநெடுக முதலுதவி நிலையங்கள், இடையிடையே மருத்துவமனைகள். அடிபட்ட இடத்திலிருந்து சிகிச்சை தொடங்கவேண்டும் என்ற பாடத்தை அங்கே கற்றார். ரோன்ட்கன் தன் கதிர்களை அறிவித்த சில வாரங்களிலேயே, 1896 பிப்ரவரியில், ஒரு சிறுவனின் மணிக்கட்டில் புதைந்த குண்டை இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜின் உதவியோடு படமெடுத்துப் பார்த்தவரும் இவர்தான்.

பிறகு 1914 வந்தது. முதல் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் தொடை எலும்பில் குண்டடி பட்ட பிரிட்டிஷ் வீரர்களில் 80 விழுக்காட்டினர் இறந்தார்கள் என்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த எண்ணிக்கையின் ஆதாரத்தை அண்மைக்கால ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கிறார்கள். ஐயத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1917-இல் ஆராஸ் போரில், ஹென்றி கிரே என்ற மருத்துவர் கணக்கெடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் 16 விழுக்காட்டுக்கும் குறைவு. சட்டம் மட்டும் காரணமல்ல, முன்னணியிலேயே நடந்த நல்ல அறுவையும் காரணம். என்றாலும், தூக்குப் படுக்கைக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தாமஸ் சட்டத்தைப் பூட்டப் பழக்கப்பட்டிருந்தார்கள். இருட்டில், சேற்றில், பூட்ஸையும் கால்சட்டையையும் கழற்றாமலே பூட்டினார்கள். ஒரு நாட்டு எலும்பு வைத்தியரின் மகன், வீட்டுக் கொல்லரை வைத்துக்கொண்டு செய்த இரும்பு.

தாமஸைக் கடவுளாக்கிவிடவும் வேண்டாம். இடைவிடாத ஓய்வு என்ற அவர் விதியைப் பின்வந்தோர் எல்லா முறிவுக்கும் பொருத்தியபோது, கூடிய எலும்போடு இறுகிய மூட்டையும் நோயாளிக்குத் தந்தார்கள். பாரிசில் லூக்கா-ஷாம்பியோனியர் அதே காலத்தில் நேரெதிராக வாதிட்டார். அசைவுதான் உயிர் என்பது அவர் கட்சி. 1895-இல் அதற்கென்று ஒரு நூலே எழுதினார். அன்று அவரை அதிகம் பேர் கேட்கவில்லை. 1958-இல் சுவிட்சர்லாந்தில் மோரிஸ் முல்லரும் நண்பர்களும் கூடி, தகடும் திருகாணியும் வைத்து எலும்பைப் பிணைத்து உடனே மூட்டை அசைக்கவைக்கும் முறையை வகுத்தபோது, அந்தப் பழைய வாதத்தின் ஒரு பாதி வென்றது. எலும்புக்கு ஓய்வு, மூட்டுக்கு அசைவு. கட்டுப் பிரித்தபிறகு பயிற்சிக்குப் போகச் சொன்னால், வலிக்கிறது என்று நாலாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! விரலை மடக்கி நீட்டுவது சிகிச்சையின் பின்குறிப்பு அல்ல, அதன் இரண்டாம் பாதி.

எலும்பு கட்டுபவர்கள் எல்லா நாட்டிலும் புகழ்பெறுவதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. எலும்பு தானாகவே கூடும். தோல் கிழிந்தால் வடு மிஞ்சும். எலும்போ எலும்பாகவே வளர்ந்து கூடுகிறது. குழந்தையின் முன்கை முறிந்தால், ஓரளவு நேராக வைத்து ஆடாமல் காத்தாலே சில வாரங்களில் கூடிவிடும். அந்தப் புகழை இலையும் முட்டையும் எடுத்துக்கொள்கின்றன. இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. மூங்கில் சிம்பு நல்ல கருவி. வளையும், தேவைக்கு இறுக்கலாம், தளர்த்தலாம். முறிவை விரல்நுனியால் தடவிக் கண்டுகொள்ளும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து சிம்பில் இல்லை, முடிச்சில் இருக்கிறது.

என் பெரியம்மா மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பதின்மூன்று வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து இடது முன்கையின் இரண்டு எலும்புகளையும் முறித்துக்கொண்டார். பக்கத்து ஊரில் ஒரு வைத்தியர் கட்டுப் போட்டார். பெயர் இங்கே வேண்டாம். அவர் கெட்டவர் இல்லை, எங்கள் பக்கத்தில் பலருக்கு நன்றாகக் கட்டியவர். அன்று இரவு அண்ணன் தூங்கவில்லை. "வலி கூடுதும்மா, கூடிக்கிட்டே போவுது" என்று அழுதார். "கட்டுன கை வலிக்கத்தான்டா செய்யும், பல்லைக் கடிச்சிக்கோ" என்றார் பெரியம்மா. வைத்தியரும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். விடியும்போது விரல்கள் உப்பி, நிறம் மங்கிக் கிடந்தன.

காலையில் வந்தவர் உறவுக்காரத் தாத்தா ஒருவர். அரசு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்டைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். நகத்தை அழுத்தி விட்டுவிட்டுச் சிவப்புத் திரும்புகிறதா என்று கவனித்தார். தொட்டால் தெரிகிறதா என்று கேட்டார். பிறகு நடுவிரலை மெல்ல நிமிர்த்தினார். அண்ணன் போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது. "கத்திரிக்கோல் எங்கேடி?" என்று கேட்ட தாத்தாவின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அடித்துணிவரை வெட்டிப் போட்டுவிட்டு, கையைத் துண்டில் தாங்கிப் பிடித்து, டவுன் ஆசுபத்திரிக்கு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

தாத்தா அன்று பார்த்தது எதுவென்று பல ஆண்டுகள் கழித்துத்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியின் ஹாலே நகர அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபோல்க்மன் 1881-இல் அதை விளக்கி எழுதினார். இறுக்கிய கட்டுக்குக் கீழே தசை வீங்கும். வீங்க இடமில்லாதபோது அதற்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். செத்த தசை பின்னர் நாராகிச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். முழுதாக அழுகினால் கையையே எடுக்க வேண்டியதுதான். நைஜீரியாவில் நாட்டு எலும்பு வைத்தியர்களின் கட்டால் அழுகும் கைகால்களுக்கு அங்குள்ள அறுவை மருத்துவர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நாட்டு வைத்தியரின் கட்டுக்கு மட்டும் உரிய கேடல்ல இது. டச்சு ராணுவ மருத்துவர் மத்தைசன் 1850-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய மாவுக்கட்டும் இதைச் செய்யும். மிகப் பெரிய மருத்துவமனையில் போட்டதும் செய்யும். கட்டே போடாத முறிவிலும் நேரலாம். நாடி துடித்துக்கொண்டிருக்கும்போதேகூட உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். எனவே நாடியைப் பிடித்துப் பார்த்து ஆறுதல் கொள்ள முடியாது. கட்டியபிறகு குறையவேண்டிய வலி கூடிக்கொண்டே போவதும், விரலைப் பிறர் நிமிர்த்தும்போது துடிதுடிப்பதும்தான் முதல் அறிகுறிகள். மரத்துப்போவதும் வெளுப்பதும் குளிர்வதும் பின்னால் வருபவை. அவற்றுக்குக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அந்த வேளையில் விடியட்டும் என்று பொறுக்கக்கூடாது. மாத்திரை கொடுத்துத் தூங்கவைப்பது அதைவிடத் தீங்கு.

எல்லா வீழ்ச்சிக்கும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். கணுக்கால் பிசகியவர்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த கனடாவில், ஒட்டாவா நகரத்தின் இயன் ஸ்டீலும் குழுவினரும் 1992-இல் சில எளிய விதிகளை வெளியிட்டார்கள். அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்தபோதும் நாலடிகூடக் காலை ஊன்றி நடக்க முடியவில்லையா? கணுவின் இருபுறத்து எலும்பு முனைகளில், பின் விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்திலும் இப்படிக் குறிப்பிட்ட இரண்டு இடங்கள் உண்டு. எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, படம் தேவையில்லை. இவை தேர்ந்த கைகளுக்கான விதிகள். சிறு குழந்தைகளுக்கும் உணர்வு மங்கியவர்களுக்கும் பொருந்தா. எனினும் எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சி. எந்திரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்த மருத்துவம், மீண்டும் விரல்நுனியால் எலும்பைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆங்கிள்சியின் அந்தப் பையன் செய்ததும் அதைத்தானே.

அண்ணனின் கை பிழைத்தது. தசையைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றினார்கள். பின்னர் எலும்பும் கூடியது. கொஞ்சம் தசை மட்டும் போய்விட்டது. இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இடது கையின் நடுவிரலும் மோதிரவிரலும் சாதாரணமாக நிமிராது. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால்தான் அவை நீளும். பேருந்தில் நடத்துநர் சில்லறை தரும்போது, கொக்கு கழுத்தைச் சாய்ப்பதுபோல் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு உள்ளங்கையை விரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை.